குந்தியிருக்கிற கோழியெல்லாம் அடைக்கோழி இல்லை

கோழி மூலையில் குந்திக்கொண்டு தீனி எடுக்காமல் இருந்தால், "அடைக்கு உட்கார்ந்துவிட்டது" என்று முட்டை தேடிப் போகாதீர்கள். முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எங்கள் சந்தில் ஒரு கோழிகூட மிஞ்சாது என்ற நிலைமை வந்ததற்குக் காரணம், தூக்கிப் பார்க்கச் சொன்னவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததுதான். சொன்னவள் நான். அன்றைக்கு எடுபடாததை இன்றைக்கு எழுதி வைக்கிறேன்.

எங்கள் குப்பத்தில் கோழி வளர்ப்பது தொழில் இல்லை. பெசன்ட் நகருக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் ஆட்களுக்கே நெருக்கடி. கட்டுமரம் இருந்த காலத்தில் அதன் நிழலில் மேய்ந்த கோழி, இப்போது ஃபைபர் படகின் அடியில் மேய்கிறது. நெத்திலித் தலை, இறால் தோல், நண்டு ஓடு, சோற்றுப் பருக்கை எல்லாம் தானாகப் பொறுக்கித் தின்னும். காசு போட்டுத் தீனி வாங்குகிறவர்கள் இங்கே குறைவு. கடலுக்குப் போக முடியாத மழை நாட்களில் நாலு முட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு ஆகும். திடீரென்று விருந்தாளி வந்தால் ஒரு சேவல் ஆகும். பின்னால் இருக்கிற அடுக்குமாடிக்காரர்களுக்கு எங்கள் சேவல் விடியற்காலையில் கூவுவது தொல்லையாக இருக்கிறதாம். இந்தக் குப்பம் அந்த மாடிகளுக்கெல்லாம் முந்தியது. அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

நடந்தது ஒரு ஆடி மாதம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சமயத்தில் என் பெரிய நாத்தனார் சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கி வந்து, சந்து முனையில் காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நல்ல உயரம், மயில் நிறம். ஆனால் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "அண்ணி, இத்த கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க" என்றேன். பயண அலுப்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். அது கட்டியிருந்த இடத்திலேயே எங்கள் கோழிகளும் அரிசி பொறுக்கின, ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தன.

எங்கள் வீட்டுச் செவலை அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி. பழைய மீன்கூடையில் ஒரு ஈடு முட்டை இட்டு முடித்திருந்தது. நாட்டுக்கோழி ஒரு ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டைவரை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். அதனால் வீட்டில் எல்லோரும் "இன்னைக்கு உட்காரும், நாளைக்கு உட்காரும்" என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த எதிர்பார்ப்புதான் கண்ணை மறைத்தது. ஒரு காலையில் கூடையில் சிறகை விரித்துக் குந்தியிருந்தது. அரிசி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. "உட்கார்ந்துச்சு!" என்று அண்ணி பக்கத்து வீடுகளில் எல்லாம் முட்டை கேட்டு வாங்கி வந்து அதன் வயிற்றுக்கு அடியில் அடுக்கினார்.

நான் கையை அடியில் விட்டுப் பார்த்தேன். அடைக்கோழியின் அடியில் கை வைத்தால் சும்மா இருக்குமா? 'கொர்ர்' என்று உறுமும், இறகு மொத்தத்தையும் சிலிர்த்துக்கொள்ளும், கையைக் கொத்தும். செவலை ஒன்றுமே செய்யவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது. வால் தொங்கிப்போயிருந்தது. "அண்ணி, இது அடை இல்ல. ஒடம்புக்கு முடியாம குந்தினுகீது" என்றேன்.

"நான் கோழி வளக்க சொல்லோ நீ பொறக்கவே இல்ல. அது சாதுக் கோழிடி" என்றார்.

மறுநாள் கூடைக்குள்ளேயே கழிந்திருந்தது. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல, முட்டைகளின் மேலேயே. அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது: "அடைக்கோழி எச்சம் அப்பிடித்தான் நாறும்." நாறும் என்பது உண்மைதான். அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை எழுந்து வெளியே வந்து, நாள் முழுக்க அடக்கி வைத்ததை ஒரே பெரிய கட்டியாகப் போடும். அந்த நாற்றம் தனி. ஆனால் அது வெளியே வந்துதான் போடும். தான் உட்கார்ந்திருக்கிற கூடையை அடைக்கோழி அசிங்கம் செய்யாது. இந்த வித்தியாசத்தை நான் நின்று விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், செவலையின் பின்பக்க இறகெல்லாம் கழிச்சல் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அன்று ராத்திரியே செத்தது.

அடுத்து அந்தச் சேவல். பிறகு வரிசையாக. ஒன்று வாயைத் திறந்து இரைத்தது. ஒன்று ஒரு பக்கச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு வட்டமடித்தது. ஒன்றின் கழுத்து பின்னால் முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. வந்தது வெள்ளைக்கழிச்சல். கால்நடைத் துறைக்காரர்கள் கோழிக்கழிச்சல் நோய் என்பார்கள், ராணிக்கேத் என்றும் சொல்வார்கள். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரிலும் முதலில் கண்டுபிடித்த நோய் இது. அதையடுத்து நம் நாட்டில் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் கண்டதால் இங்கே அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. எச்சத்தில் இருக்கும், மூக்குச் சளியில் இருக்கும், நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகும். முட்டை கேட்டு அண்ணி வாசல் வாசலாகப் போய்வந்ததை நான் மறக்க மாட்டேன். செவலையைத் தொட்ட கையோடுதான் அத்தனை வீட்டுக் கோழிக்கூடையிலும் கைவிட்டார்.

செத்ததைப் புதைக்கச் சொன்னேன். முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி, அலை ஏறாத மேட்டில், மேலே சுண்ணாம்பு. சிலர் செய்தார்கள். சிலர் சாக்கில் கட்டி முகத்துவாரத்துப் பக்கம் எறிந்துவிட்டு வந்தார்கள். நாயும் காக்கையும் அதை இழுத்து வந்து திரும்பச் சந்திலேயே போட்டன. அப்படி எறிந்தவர்கள் இதைப் படித்தால் அடுத்த முறையாவது மண்வெட்டியை எடுங்கள். செத்த கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்த வைரஸால் ஆட்களுக்குக் கண் சிவந்து நீர் வடியும். கோழியோடு காக்கைகளும் கூட்டமாகச் செத்து விழுந்தால் அது வேறு சமாச்சாரமாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடையா, நோவா என்று தெரிந்துகொள்ள நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். கோழியைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுங்கள். அடைக்கோழி ஒரு நிமிடம் மயக்கத்தில் இருப்பது போல நிற்கும். பிறகு எழுந்து இறகைச் சிலிர்த்து, 'க்ளொக் க்ளொக்' என்று கத்திக்கொண்டு சுற்றும். அவசர அவசரமாக நாலு வாய் தின்னும், தண்ணீர் குடிக்கும், பெரிய எச்சம் போடும், மண்ணில் ஒரு புரளு புரண்டுவிட்டு கூடைக்கே ஓடும். நோய்க்கோழி நீங்கள் இறக்கிவிட்ட இடத்திலேயே நிற்கும். தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடை ஞாபகமே அதற்கு இருக்காது.

அதற்குப் பிறகு கையால் பாருங்கள். நெஞ்சுக்கு நடுவில் இருக்கிற எலும்பைத் தடவினால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனை மாதிரி எலும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோழி பல நாளாகவே இளைத்துவருகிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அடைக்கோழிக்கு வயிற்றுப்பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, தொட்டால் சுடச்சுட இருக்கும். கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொடுங்கள். காலையில் காலியாக இருப்பது சரி. சாயங்காலம் தின்ற பிறகும் காலியாக இருந்தால் நோய். காலையிலும் கல் போல் இருந்தால் அடைத்திருக்கிறது. பழைய சாக்குநூல், நைலான் வலைத்துண்டு இதெல்லாம் எங்கள் கோழிகள் விழுங்கும், உங்கள் வீட்டிலும் வலை கிடக்கும்தானே, பார்த்து வையுங்கள். கொண்டை வெளிறுவது இரண்டிலும் உண்டு, அதை நம்பாதீர்கள். கருநீலமாக மாறினால் மட்டும் உடனே கவனிக்க வேண்டும். கோழி கடைசிவரை நோயைக் காட்டிக்கொள்ளாது. மற்றக் கோழிகள் கொத்தும் என்ற பயம் அதற்கு. நம் கண்ணுக்கு "கொஞ்சம் டல்லா இருக்கு" என்று தெரிகிற அன்றைக்கு அது ஏற்கெனவே பாதி தூரம் போயிருக்கும்.

கழிச்சலெல்லாம் வைரஸும் இல்லை. கருவாடு காயப்போடுகிற இடத்தில் மேய்கிற கோழி உப்பு ஏறியும் கழியும். தாகம் அடங்காமல் தண்ணீரையே தேடும். கருவாட்டுத் தூளைத் தீனியில் அள்ளிப்போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. கழுவாமல் போடாதீர்கள். குஞ்சுகளுக்குப் போடவே போடாதீர்கள். குஞ்சு எச்சத்தில் ரத்தம் கண்டால் அது ரத்தக்கழிச்சல், ஈரத்தரையில் வருவது. அதற்கு மருந்து உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலந்தால் பிழைக்கும்.

கழுத்து முறுக்கிக்கொண்ட கோழி என்றேனே, அது கறுப்பி. மற்றதெல்லாம் போன பிறகும் அது சாகவில்லை. "கழுத்தத் திருவிட்டுப் போ, பாவம்" என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக்கடையில் ஒருவர் ஆட்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். வைரஸுக்கு அது கேட்காது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் வாங்கவில்லை.

மீன் ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி எல்லார் வீட்டிலும் மூடி உடைந்து ஒன்று கிடக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் பழைய லுங்கியை மடித்துப் போட்டேன். குளிரை உள்ளே வைத்துக்கொள்கிற பெட்டி சூட்டையும் உள்ளே வைத்துக்கொள்ளும். நோய்க்கோழிக்குத் தீனிக்கு முன்னால் சூடு வேண்டும், சூட்டுக்கு அடுத்தபடி தண்ணீர். ஜுரத்தில் கிடக்கிற கோழிக்கு யாராவது பழைய சோற்றை உருட்டித் திணித்தால் அது இரைப்பையிலேயே புளித்துக் கெடும். முதலில் தண்ணீரில் துளி உப்பும் சர்க்கரையும் கலந்து, அல்லது ஓ.ஆர்.எஸ். கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கோழியின் அலகைத் திறந்து பாருங்கள். நாக்குக்குப் பின்னால், நடுவில் ஒரு சின்ன ஓட்டை மூடி மூடித் திறக்கும். அது மூச்சுக்குழாய். அண்ணாந்து பிடித்துச் சங்கால் ஊற்றுகிறவர்கள் நேராக அதற்குள்தான் ஊற்றுகிறார்கள். மறுநாள் கோழி செத்தால் நோயால் செத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலகின் பக்கவாட்டு ஓரத்தில் விரலால் ஒரு சொட்டு வையுங்கள். அதுவே நக்கி விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு.

கறுப்பியால் குறிவைத்துக் கொத்த முடியாது. அரிசி இருக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கொத்தும், தலை சுழன்று விழும். இடது கையில் தலையை நேராகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஊறவைத்த நொய்யும் வேகவைத்த முட்டை மஞ்சளும் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி அலகோரத்தில் வைப்பேன். தலையைத் தாங்கிப் பிடித்தால் முறுக்கு கொஞ்சம் விடும். அவசரப்படுத்தினால் மறுபடி முறுக்கும். பயந்தால் கூடும் என்பதால் பிள்ளைகள் பக்கத்தில் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற மூலிகை முறையைக் கால்நடை மருத்துவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதையும் கொடுத்தேன். அதனால்தான் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன், சூட்டையும் தண்ணீரையும்தான் நான் நம்புகிறேன். வாரக்கணக்கில் ஆயிற்று. கழுத்து இன்றைக்கும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதுவே தின்னும், அதுவே மண்குளிக்கும், மறுபடி முட்டையிட்டது, அடைக்கும் உட்கார்ந்தது. "அந்தக் கோழிக்கு ஏண்டி இவ்ளோ பாடு" என்று கேட்டவர்கள் வீட்டில் இப்போது நடமாடுகிற குஞ்சுகளில் பாதி கறுப்பி பொரித்தவை.

முட்டை அடைத்துக்கொண்ட கோழியும் அடைக்கோழி மாதிரியே கூடைக்குள் போய் உட்காரும். ஆனால் நிலையாக உட்காராது. போகும், வரும், முக்கும், வால் மேலும் கீழும் ஆடும், நடந்தால் நெஞ்சை நிமிர்த்தி நிமிர்த்தி நடக்கும். அடிவயிற்றைத் தொட்டால் முட்டை கெட்டியாகத் தட்டுப்படும். இதை அடை என்று நினைத்துப் பச்சைத்தண்ணீரில் முக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டியது வெந்நீர். கை பொறுக்கிற சூட்டில் ஒரு டப்பில் வயிறு முங்குகிற அளவுக்கு ஊற்றி, கால்மணி நேரம் உட்காரவைத்து, துடைத்து, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். உள்ளேயே முட்டையை உடைக்கப் பார்க்காதீர்கள், ஓடு குத்திச் சாகும். ஒரு நாள் தாண்டியும் வரவில்லை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. கோழியையும் அங்கே பார்க்கிறார்கள், ஒரு கோழிக்காகவா என்று கூச்சப்படாதீர்கள். கிளிஞ்சலை இடித்துத் தீனியோடு வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கடற்கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? அள்ளி, உப்புப் போகக் கழுவிக்கொள்ளுங்கள்.

அடை வைக்கிற விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் வீட்டு ஆயாவுக்கே தெரியும். பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள், ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் சமையலறை மேடையில் கிடந்த முட்டைக்குள் கோழி உட்காருவதற்கு முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். பிறகு "இடி இடிச்சதால கூமுட்டையாச்சு" என்பார்கள். ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் கூடையில் வைப்பது வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் கெட்ட முட்டையை அவை காப்பாற்றாது. கடல்மணலைப் போடாதீர்கள், ஈரம் இழுக்கும். வைக்கோலோ ஆற்றுமணலோ நல்லது. கூடையை இடம் மாற்றுவதாக இருந்தால் ராத்திரியில் மாற்றுங்கள். வைத்த முட்டை ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்றக் கோழிகள் வந்து புதிதாக இட்டுவிட்டுப் போகும், கோடு இல்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தால் உயிருள்ள முட்டையில் சிலந்தி போல ரத்தநரம்பு ஓடும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் கரு கூடவில்லை. இருபத்தோராம் நாள் பொரியும். ஓட்டை உடைத்துக் குஞ்சுக்கு உதவி செய்யப் போகாதீர்கள். மஞ்சள்கருவையும் ரத்தத்தையும் குஞ்சு உள்ளே இழுத்து முடிக்காத நேரத்தில் பிய்த்தால் ரத்தம் போயே சாகும். அடியில் செள்ளு ஏறியிருக்கிறதா என்று மட்டும் நடுநடுவே பாருங்கள். செள்ளு பிடுங்குகிற கோழி அடையை விட்டே எழுந்துவிடும். வேப்பிலையும் சாம்பலும் கூடைக்கு அடியில் இருக்கட்டும்.

முட்டையே இல்லாமல் சும்மா அடைக்கு உட்காருகிற கோழியைத் தெளியவைப்பது இன்னொரு பாடு. பிடிவாதமாக உட்கார்ந்து இளைத்துப்போகும், முட்டையும் இடாது. அதன் உடம்பில் ஊறுகிற ப்ரோலாக்டின் என்கிற சுரப்பு செய்கிற வேலை அது, திமிர் இல்லை. பண்ணைகளில் இருக்கிற வெள்ளை லெகார்ன் கோழிக்கு இந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அதனால்தான் அது வருடத்துக்கு முன்னூறு முட்டைக்குப் பக்கத்தில் இடுகிறது, குஞ்சு பொரிக்க மெஷின் வேண்டியிருக்கிறது. நம் கோழி எழுபது, எண்பது இட்டாலும் தானே பொரித்துத் தானே வளர்க்கும். எனக்கு நம் கோழிதான்.

தெளியவைக்க மூக்கில் இறகைக் குத்துவார்கள், தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பார்கள், வெயிலில் காலைக் கட்டிப் போடுவார்கள். மூன்றும் வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்ததற்கு மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் நடமாடிய மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கோழி மூக்கில் இறகு குத்துவது எனக்குச் சம்மதமில்லை. மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் இருக்கிறதே, அடியெல்லாம் ஓட்டை ஓட்டையாக? நாலு செங்கல் மேல் அதை வைத்து, கோழியை உள்ளே விட்டு, மேலே வலையைக் கட்டிவிடுங்கள். வைக்கோல் போடக் கூடாது. தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். அடியிலிருந்து காற்று பட்டு வயிறு குளிர்ந்தால் மூன்று, நான்கு நாளில் தெளிந்துவிடும். எங்கள் கடல்காற்றுக்கு இன்னும் சீக்கிரம். வலை சின்னக் கண்ணியாக இருக்கட்டும், பெரிய கண்ணியில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

இனி தடுப்பூசி. ஆடி மாதத்தில் சந்து காலியானதற்குச் சேவல் ஒரு காரணம், தூக்கிப் பார்க்காதது ஒரு காரணம். ஆனால் தடுப்பு மருந்து போட்டிருந்தால் இரண்டும் இந்த அளவுக்கு அழித்திருக்காது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, நாலாவது வாரம் இன்னொரு முறை சொட்டு, எட்டாவது வாரத்துக்கு மேல் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. அந்த ஊசி மருந்து முக்தேஸ்வர் ஆய்வகத்தில் உருவானது, வீரியம் அதிகம், சின்னக் குஞ்சுக்குப் போடக் கூடாது. முட்டையிடுகிற கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் "ஊசி போட்டா முட்டை நின்னுபூடும்" என்று எங்கள் சந்தில் ஒருத்தரும் போடவில்லை. முட்டைக்கு வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நோய் வந்துவிட்ட கோழிக்குப் போடாதீர்கள்.

கால்நடைத் துறை பிப்ரவரி மாதம் கோழிக்கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. நகரத்துக்குள் இருக்கிற நம்மைத் தேடி யாரும் வர மாட்டார்கள், நாம்தான் கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்க வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் வரும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். வெயிலில் பையில் போட்டு எடுத்துவந்தால் அது வெறும் தண்ணீர். ஒரு வீட்டில் ஏழெட்டுக் குஞ்சு இருந்தால் மிச்சம் வீண். அதனால் சந்து முழுக்க ஒரே நாளில் கூட வேண்டும். ஐஸ் நம்மிடம் இருக்கிறது, சென்னையில் வேறு யாருக்கு இந்த வசதி? குஞ்சுகளை ராத்திரியே கூடையில் கவிழ்த்து வைத்துவிட்டால் காலையில் துரத்திப் பிடிக்கிற வேலை இல்லை. வீட்டு வீட்டுக்கு எத்தனை குஞ்சு என்று எழுதி வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வராத வீட்டுக்கு என் கறுப்பியின் குஞ்சு ஒன்றும் போகாது. சொல்லிவிட்டேன்.

வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் தனியாக, தனிச் சட்டியில், நம் கோழிகள் பக்கமிருந்து காற்று வீசிப் போகிற திசையில். முதலில் நம் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியில்தான் புதுசுக்குப் போய்ப் போட வேண்டும், கையும் காலும் கழுவிவிட்டு வர வேண்டும். அண்ணி போன வாரம் மறுபடியும் ஒரு பெட்டை வாங்கி வந்திருக்கிறார். இந்த முறை அவரே அதை மொட்டைமாடியில் கிரேட்டில் வைத்திருக்கிறார். கண்ணில் நீர் இல்லை, எச்சமும் கெட்டியாகத்தான் இருக்கிறது, நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். மூன்று வாரம் முடியட்டும், அப்புறம் இறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.